கடற்கரை ஊராட்சிகளும் வெளிநாட்டுக் கூட்டு ஆய்வும்: கேள்வி பதில்

ஊராட்சிப் பணியாளர்களுக்கும் கூட்டுறவுச் சங்கச் செயலாளர்களுக்கும் இருபத்தாறு வருடம் பயிற்சி நடத்தியவன் நான். பொது நிர்வாகத்தில் நாடுகள் சேர்ந்து நடத்தும் ஆய்வு, பயிற்சி பற்றி ராமநாதபுரம் கரையோரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

தங்கச்சிமடம், கல்லூரி மாணவி: நம்ம தாலுகா ஆபீஸ் வேலைக்கும் வெளிநாட்டுக்கும் என்ன சம்பந்தம் சார்?

நிறைய இருக்கிறதம்மா. சுதந்திரம் வந்த சில வருடங்களிலேயே, நம் நிர்வாகத்தைப் பார்த்து யோசனை சொல்ல பால் ஆப்பிள்பி என்ற அமெரிக்க அறிஞரை மத்திய அரசு அழைத்தது. அவர் 1953-ல் அறிக்கை கொடுத்தார். அதன் பலனாக, 1954-ல் டெல்லியில் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் தொடங்கியது. பத்தே வருடத்தில் நாமும் கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டோம். 1964-ல் வெளியுறவுத் துறை தொடங்கிய 'ஐடெக்' திட்டத்தில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் அலுவலர்கள் இன்றும் இங்கே வந்து படிக்கிறார்கள்.

மண்டபம், ஊராட்சிச் செயலர்: அந்த ஐடெக்கில் நான் சேர முடியுமா?

முடியாது தம்பி. அது வெளிநாட்டவருக்கு நாம் நடத்துவது. உங்களுக்கு மறைமலைநகர் ஊரக வளர்ச்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. வெளிநாட்டில் முதுகலை படிக்க ஆசையிருந்தால் காமன்வெல்த், செவனிங் உதவித்தொகைகளின் தகுதி விதிகளைப் பாருங்கள். இரண்டுமே பிரிட்டனில் படிப்பதற்கானவை.

ராமேஸ்வரம், விசைப்படகு உரிமையாளர்: படகைப் பிடித்து வைத்துக்கொள்கிற இலங்கைக்காரர்களுக்கு நாம் ஏன் பயிற்சி கொடுக்க வேண்டும்?

உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் நான் பயிற்சியின் பக்கம்தான் நிற்பேன். 2024 டிசம்பரில் நம் நல்லாட்சிக்கான தேசிய மையமும் இலங்கையின் நிர்வாகப் பயிற்சி நிறுவனமும் ஒரு ஒப்பந்தம் போட்டன. ஐந்து வருடத்தில் 1,500 இலங்கை அரசு அலுவலர்களுக்குப் பயிற்சி. மாலத்தீவோடு 2019-ல் போட்ட ஒப்பந்தம் 1,000 பேருக்கு. என் குறை வேறு. அந்த மையம் இருப்பது டெல்லியிலும் முசூரியிலும். மலையில் உட்கார்ந்து கடலோர நிர்வாகத்தை எத்தனை நாள் பேச முடியும்? வருகிறவர்களில் ஒரு குழுவையாவது பாம்பன் கரைக்கு அழைத்து வர வேண்டும். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று இந்தக் கரையில் முறை வைத்த கதையை அவர்கள் உங்கள் வாயால் கேட்கட்டும். விசைப்படகுகளால் யாழ்ப்பாணத்துச் சின்னப் படகுக்காரன் படும் பாட்டை நீங்களும் கேளுங்கள். நம் நாட்டுப்படகுக்காரன் சொல்வதைத்தான் அவனும் சொல்வான்.

இது புதிதாகத் தோன்றிய யோசனையும் இல்லை. 1979-ல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு சென்னையில் வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கி, சிறு மீனவர்களுக்காகவே வேலை செய்தது. 2003-ல் அது வங்கதேசம், இந்தியா, இலங்கை, மாலத்தீவு நாலும் சேர்ந்த அரசுகளுக்கிடையிலான அமைப்பாக மாறியது. இப்போதும் சென்னையில்தான் இருக்கிறது. நமக்குப் பயன்படும் பாடம் பாதிக்கு மேல் இந்தப் பக்கத்துக் கரைகளில் கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

சின்னப்பாலம், கடல்பாசி எடுக்கும் பெண்: வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க, கேக்குறாங்க, எழுதிட்டுப் போறாங்க. எங்களுக்கு என்ன மிச்சம் அண்ணே?

இந்தக் கேள்விக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன் அக்கா.

பல வருடம் முன்னால் ஒரு ஆய்வுக் குழுவோடு உங்கள் கரைக்கு நான் வந்திருக்கிறேன். கடலிலிருந்து அப்போதுதான் ஏறிய ஒரு அம்மா, ஈரச் சேலையோடு மணலில் உட்கார்ந்து விரல்களில் சுற்றியிருந்த துணிக்கிழிசலை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். பாறை கிழிக்காமலிருக்கச் சுற்றியது. கேள்வித்தாளில் 'குடும்பத் தலைவர் தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'மீன்பிடி' என்று எழுதினார்கள். அந்த அம்மாவின் தொழிலுக்குக் கட்டமே இல்லை. 'தினம் எத்தனை மணி நேரம் வேலை?' என்று கேட்டார்கள். 'கச்சான் காத்து அடிச்சா ஒண்ணு, வாடை அடிச்சா ஒண்ணு, அதை எப்படி மணிக்கணக்குல சொல்றது?' என்றார். மொழிபெயர்த்தவர் 'ஆறு மணி நேரம்' என்று முடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. அறிக்கையும் ஊருக்கு வரவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பொதுச் சொத்தை மக்களே விதி வகுத்துக் காப்பாற்ற முடியும் என்று காட்டியதற்காக எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்கப் பெண்மணிக்கு 2009-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. நேபாளத்து விவசாயிகள் தாங்களே நடத்தும் பாசனத்தையும் அவர் ஆராய்ந்தார். உங்கள் ஊர்ப் பெண்கள் மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பாசி எடுப்போம், மீன்பிடித் தடைக்காலத்தில் எடுக்க மாட்டோம் என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்தார்களே, அதுவும் அவர் சொன்னதுதான். உங்கள் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்கான சீகாலஜி பரிசு வந்தது. நிர்வாகப் பயிற்சி வகுப்பில் இதைப் பாடமாக வைக்க வேண்டும், நீங்களே வந்து சொல்லிக்கொடுக்க வேண்டும், அதற்குச் சம்பளமும் தர வேண்டும்.

தொண்டி, முனைவர் பட்ட மாணவர்: வெளிநாட்டுப் பேராசிரியரோடு சேர்ந்து ஆய்வு செய்யப்போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

அவர் களத்துக்கு வருவதானால் சுற்றுலா விசா போதாது, ஆய்வு விசா வேண்டும். பாசி, சங்கு என்று உயிர்ப்பொருள் எதையும் எடுப்பதாக இருந்தால், 2002 பல்லுயிர்ச் சட்டப்படி வெளிநாட்டவருக்குச் சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி தேவை. கட்டுரையில் உங்கள் பெயர் எங்கே வரும், சேகரித்த தரவு யாரிடம் இருக்கும் என்பதை முதல் மாதமே எழுத்தில் வாங்குங்கள். கூச்சப்படாதீர்கள் தம்பி. கேள்வித்தாளை முதலில் தமிழில் எழுதி, பிறகு ஆங்கிலமாக்குங்கள். தலைகீழாகச் செய்தால் அந்த அம்மாவுக்குக் கட்டம் இல்லாமல் போனது போலத்தான் ஆகும்.

ஏர்வாடி, ஊராட்சி உறுப்பினர்: எங்கள் ஊருக்கு அப்படி ஒரு குழு வந்தால் நாங்கள் என்ன கேட்கலாம்?

வரட்டும். பின்தங்கிய மாவட்டங்களை முன்னேற்ற 2018-ல் மத்திய அரசு தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்தவை ராமநாதபுரமும் விருதுநகரும். அதனால் ஆய்வாளர்கள் நம்மைத் தேடி வர காரணம் இருக்கிறது. வந்தவுடன் கேள்வித்தாளைத் தமிழில் கேட்டு வாங்கிப் படியுங்கள். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூலி கொடுத்துச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கண்டுபிடித்ததை நாலு பக்கத்தில் தமிழில் எழுதி, எந்தக் கிராம சபையில் வந்து வாசிப்பார்கள் என்று தேதி கேளுங்கள். ஆகஸ்ட் 15 என்று சொன்னால், அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அவர்களிடமும் ஒரு கையெழுத்து வாங்கி வையுங்கள்.