முன் சக்கரத்தில் நீள ஓட்டம்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

தண்டையார்பேட்டையில் சைக்கிள் ரிப்பேர் பார்ப்பவன் நான். ஷட்டர் இறக்கிய பிறகு கையில் 20 இஞ்ச் பிஎம்எக்ஸ், அதாவது வித்தை காட்டுகிற சின்ன சைக்கிள், இருக்கும். பின் சக்கரத்தைத் தூக்கி, முன் சக்கரத்தில் மட்டும் உருண்டு போவது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். முன் ப்ரேக்கைப் பிடித்துப் பிடித்துப் போவதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. ஹெல்மெட் இல்லாதவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

கொருக்குப்பேட்டை: அண்ணே, பின் சக்கரம் நல்லா ஏறுது. ஆனா ரெண்டு ஆள் நீளம் போறதுக்குள்ள தொப்புனு இறங்கிடுது. எங்க தப்பு?

பயத்தில்தான் தம்பி. வீலிங் அடிக்கும்போது ரொம்பப் பின்னால் சாய்ந்துவிட்டால் பின் ப்ரேக்கைத் தொட்டால் போதும், முன் சக்கரம் தரைக்கு வந்துவிடும். முன் சக்கரத்தில் போகும்போது அந்த வசதி கிடையாது. கவிழப் போகிறோம் என்று முன் ப்ரேக்கைப் பிடித்தால் இன்னும் வேகமாகக் கவிழ்வாய். பின் ப்ரேக் அந்தரத்தில் சுற்றும் சக்கரத்தைத்தான் பிடிக்கும். இது உன் உடம்புக்குத் தெரியும். அதனால் எடை சரியாக நிற்கும் இடத்துக்கு ஒரு சாண் முன்னாடியே அது பின்வாங்கிக்கொள்கிறது, சக்கரமும் இறங்கிவிடுகிறது.

அதனால் முதல் வாரம் ஓட்டவே வேண்டாம், இறங்கப் பழகு. சீட்டை அடிவரை இறக்கு. புல்தரையில் மெதுவாக வந்து, வேண்டுமென்றே அதிகமாகத் தூக்கி, ஹேண்டில்பாரைத் தாண்டிக் குதித்து இரண்டு காலில் நில். சைக்கிள் பின்னால் விழட்டும். இருபது முப்பது தடவை இப்படி இறங்கிய பிறகு முன்னால் சாய்வது பெரிய விஷயமாகத் தெரியாது.

அப்புறம் ஓட்டம். மெதுவாக ஓடுகிற ஆளின் வேகம் போதும். எடை உள்ளங்கையில் இருக்கட்டும், இடுப்பு ஹேண்டில்பார் பக்கம் வரட்டும். உடம்பு எவ்வளவு முன்னால் போகிறதோ, பின் சக்கரம் அவ்வளவு குறைவாக ஏறினால் போதும். முன்னால் கவிழ்வது போல் இருந்தால் ஹேண்டில்பாரைத் தள்ளு, இடுப்பு பின்னால் போகும். பின் சக்கரம் இறங்கினால் இடுப்பை நோக்கி இழு. இடது பக்கம் சாய்ந்தால் இடது பக்கமே லேசாகத் திருப்பு, சாதாரணமாக ஓட்டும்போது செய்வதுதான். பார்வை பதினைந்து அடி தள்ளி இருக்கட்டும். டயரைப் பார்த்தால் டயரிடமே போய் விழுவாய்.

காலடிப்பேட்டை: எத்தனை நாளில் வரும்?

ஆளைப் பொறுத்தது.

பெரம்பூர்: என்னிடம் முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் வைத்த கியர் சைக்கிள் இருக்கிறது. அதில் பழகலாமா?

பழகலாம், ஆனால் கஷ்டப்படுவீர்கள். எடை முன்னால் வந்ததும் முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் அமுங்கும், பிறகு எழும்பும். நீங்கள் தேடுகிற இடம் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். ஃபோர்க்கைப் பூட்டும் குமிழ் இருந்தால் பூட்டுங்கள். முன் சக்கரம் குவிக் ரிலீஸ் (ஸ்பானர் இல்லாமல் லீவரைத் திருப்பிக் கழற்றுவது) என்றால் ஒவ்வொரு தடவையும் லீவர் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். கழன்ற சக்கரத்தோடு என் கடைக்கு ஆட்டோவில் வந்தவர்கள் உண்டு.

எண்ணூர்: அப்பாவோட பைக்குல ஸ்டாப்பி அடிக்கணும். எனக்கு 16 வயசு.

ப்ரேக் பிடித்துப் பின் சக்கரத்தைத் தூக்குகிற ஸ்டாப்பியா? மோட்டார் வண்டி என் துறை இல்லை. 18 வயது ஆகாதவர் ஓட்டிக் குற்றத்தில் மாட்டினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை என்று 2019-ல் சட்டம் வந்துவிட்டது. அப்பாவிடம் சாவியைக் கொடுத்துவிடு.

ராயபுரம்: முன் ப்ரேக்கை லேசாப் பிடிச்சுப் பிடிச்சு விட்டு முப்பது அடி போறேன். அதுவும் பேலன்ஸ்தானே? ஏன் கணக்குல சேர்க்க மாட்டேங்குறீங்க?

முப்பது அடி பெரிய விஷயம்தான் தம்பி. ஆனால் ப்ரேக்கை ஒவ்வொரு தடவை தொடும்போதும் வேகம் குறையும், வேகம் தீர்ந்தால் ஓட்டமும் முடிந்தது. ப்ரேக் இல்லாமல் உடம்பால் நிறுத்தினால் சக்கரம் உருளும்வரை போகலாம். நீளமாகப் போவது பற்றித்தானே கேட்டீர்கள்?

வியாசர்பாடி: குறுக்கே வரேன்ணே. சமதரையில வித்தை காட்டுற ஃப்ளாட்லாண்ட் ஆளுங்க பலரும் முன் ப்ரேக் வச்சிருக்காங்களே? அப்போ அவங்க ஏமாத்துறாங்களா?

சரியான அடி. ஏமாற்றவில்லை. ஒரு வித்தையிலிருந்து இன்னொன்றுக்கு மாறவும், நின்ற இடத்தில் திரும்பவும் அதைப் பயன்படுத்துவார்கள். ப்ரேக்கே இல்லாமல் ஓட்டுகிறவர்களும் உண்டு. பழகுகிறவன் ப்ரேக்கை ஊன்றுகோலாக வைத்துக்கொண்டால் இடுப்பு வேலை செய்யப் பழகாது, என் சண்டை அதோடுதான்.

ராயபுரம்: அப்போ ப்ரேக்கைக் கழட்டிட்டு மணலி ரோட்ல கன்டெய்னர் லாரிக்கு நடுவுல போகச் சொல்றீங்களா?

கழற்று என்று எங்கே சொன்னேன்? இரண்டு ப்ரேக்கும் வண்டியில் இருக்கட்டும். பழகும்போது விரல் லீவரில் இருக்க வேண்டாம், அவ்வளவுதான். லாரி போகிற எந்த ரோட்டிலும் இதைச் செய்யாதே.

காசிமேடு: என் ப்ரேக் மெதுவாப் பிடிக்கவே மாட்டேங்குது. திடீர்னு கவ்வுது.

உப்புக்காற்று. கேபிள் உறைக்குள் துரு ஏறியிருக்கும். கேபிளையும் உறையையும் சேர்த்து மாற்று, எண்ணெய் விட்டு ஒப்பேற்றாதே. ராயபுரத்துத் தம்பி, நீயும் பார்த்துக்கொள், உன் முப்பது அடி அந்தக் கேபிளில்தான் தொங்குகிறது.

புது வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா: பையன் இதே வேலையா இருக்கான். ஒலிம்பிக்ல இருக்குன்னு சொல்றான். உண்மையா?

பாதி உண்மைம்மா. பிஎம்எக்ஸ் பந்தயம் 2008 பெய்ஜிங்கில் சேர்ந்தது, வித்தைப் பிரிவு டோக்கியோவில். இவன் செய்கிற சமதரை வித்தை இன்னும் சேரவில்லை. திட்டாதீர்கள், ஹெல்மெட்டும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள்.

சூளை: எத்தனை நாளில் வரும்?

மேலே பார்க்கவும்.

கல்மண்டபம்: முன் அச்சில் பெக் (கால் வைக்கிற குழாய்) மாட்டி, ஒரு காலைத் தொங்கவிட்டுப் போகிறார்களே, அது சுலபமா?

ஒரு விதத்தில் சுலபம். தொங்குகிற கால்தான் தராசுக்கல். பின் சக்கரம் இறங்கினால் காலை முன்னால் வீசு, கவிழ்ந்தால் பின்னால் வீசு. தப்பினால் அதே கால் தரையில் ஊன்றும். ஆனால் அச்சுக்கு வெளியே நட்டு வைத்த பிஎம்எக்ஸ் வேண்டும். குவிக் ரிலீஸில் பெக் மாட்டித் தரச் சொன்னால் நான் செய்ய மாட்டேன்.

பழைய வண்ணாரப்பேட்டை: ராபின்சன் பூங்காவில் பழகலாமா?

1949-ல் திமுக தொடக்கக் கூட்டம் நடந்த இடம், வரலாற்றுக்காகப் போய்ப் பார். சைக்கிளை வெளியே விட்டுவிட்டுப் போ, உள்ளே பெரியவர்கள் நடக்கிறார்கள்.

திருவொற்றியூர்: எத்தனை நாள்...

அடுத்து.

ராயபுரம்: நான் விடமாட்டேன்ணே. ப்ரேக் தொடாம நீங்க முப்பது அடி போய்க் காட்டுங்க.

சரி, ஞாயிறு காலை 6 மணிக்கு வா. மதியம் கடற்காற்று கிளம்பிவிட்டால் பக்கவாட்டில் தள்ளும், அப்புறம் காற்றைக் குறை சொல்வாய். கோடு போடச் சாக்பீஸ் நான் கொண்டுவருகிறேன். உன் லீவரில் டேப் சுற்றிக்கொண்டு வா. ஹெல்மெட் மறக்காதே.