வாசகர் கேள்வி – பதில்: அமேசான் பச்சிலையும் பாட்டு வைத்தியமும்

கேள்வி: பெரு நாட்டுக்குப் போய் அயவாஸ்கா குடித்துவர நினைக்கிறேன். மனச்சோர்வுக்கு ஃப்ளூவாக்ஸெட்டின் சாப்பிடுகிறேன். மூன்று நாள் முன்னால் நிறுத்தினால் போதும் என்கிறார்கள் முகாம்காரர்கள். சரியா? – வாசகர், கோவை

பதில்: தவறு. இப்படிச் சொல்லும் முகாமுக்கே போகாதீர்கள்.

அயவாஸ்கா, அமேசான் பழங்குடி வைத்தியர்கள் குடிக்கும், மனக்காட்சிகளை வரவழைக்கும் கஷாயம்; இரண்டு தாவரங்கள் சேர்ந்தது. ஒன்று பானிஸ்டீரியோப்சிஸ் காபி என்ற கொடி, மற்றது சக்ருனா இலை. இலையிலுள்ள டிஎம்டி என்ற மனமயக்கப் பொருளைத் தனியாகக் குடித்தால் ஒன்றும் ஆகாது. குடலிலும் கல்லீரலிலும் இருக்கும் மோனோஅமைன் ஆக்ஸிடேஸ் நொதி அதைச் சிதைத்துவிடும். கொடியிலுள்ள ஹார்மைன் அந்த நொதியைச் சில மணி நேரம் முடக்கிவைக்கும். அப்போதுதான் இலை வேலை செய்யும். சிக்கல் என்னவென்றால், மனநிலையோடு தொடர்புள்ள மூளை வேதிப்பொருளான செரட்டோனினைச் சிதைப்பதும் அதே நொதிதான். உங்கள் மாத்திரை செரட்டோனினைத் தேக்கும், கஷாயம் அது கழியும் வழியை அடைக்கும். நடுக்கம், தசை விறைப்பு, தானாகத் துள்ளும் கால், கடும் காய்ச்சல், குழப்பம் என்று ஏறி உயிரையும் வாங்கலாம்.

ஃப்ளூவாக்ஸெட்டின் உடம்பை விட்டு முழுதாகப் போக வாரக்கணக்கில் ஆகும். இந்த நொதியை முடக்கும் மருந்துக்கு முன் குறைந்தது 5 வார இடைவெளி வேண்டும் என்பது மருத்துவ விதி; செர்ட்ராலின் என்ற இன்னொரு மனச்சோர்வு மாத்திரைக்கு 2 வாரம். இருமல் மருந்திலுள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபானும் வலிக்குத் தரும் டிராமடாலும் இதே ஆபத்துதான். இதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சோர்வு திரும்பிவந்தால் காட்டுக்குள் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. மனச்சிதைவோ இருமுனைக் கோளாறோ உங்களுக்கு அல்லது நெருங்கிய ரத்த உறவில் இருந்தால், பயணத் திட்டத்தையே கைவிடுங்கள்.

கேள்வி: அயவாஸ்கா பத்தியத்தில் உப்பு, சர்க்கரை, மிளகாய், பன்றிக்கறி கூடாது என்கிறார்களே, மருந்தோடு ஒத்துப்போகாதா? – வாசகி, மதுரை

பதில்: முகாம்களின் விளம்பரங்கள் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்புகின்றன. நாட்பட்ட பாலாடைக்கட்டி, சோயா சாஸ் போன்ற புளித்த பண்டங்களில் டைரமைன் என்ற வேதிப்பொருள் உண்டு. நொதி முடங்கியிருக்கும்போது அது ரத்த அழுத்தத்தை ஏற்றலாம். ஹார்மைனின் பிடி சீக்கிரம் விலகிவிடுவதால் ஆபத்து குறைவுதான், என்றாலும் முந்தின நாளும் மறுநாளும் தவிர்ப்பது நல்லது. உப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

உப்பில்லாப் பத்தியம் வைத்தியம் பழகுகிறவர்களுடையது. உக்காயாலி நதிக்கரை ஷிபிபோ மக்களிடம், ஒரு செடியைக் கற்க விரும்புகிறவர் வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் தனிக் குடிசையில் இருப்பார். அவித்த வாழைக்காய், உப்பில்லாமல் சுட்ட ஆற்று மீன், அந்தச் செடியின் சாறு, அவ்வளவுதான். சாராயமும் உடலுறவும் கூடாது. செடி கனவில் வந்து பாட்டுச் சொல்லித்தரும் என்பது நம்பிக்கை. கற்கும் செடி போதை தருவதாக இருக்க வேண்டியதில்லை. பூண்டு வாசனை வீசும் அஹோ சாச்சா அப்படியொன்று. நம் நர்சரிகளில் 'கார்லிக் வைன்' என்று விற்கிறார்களே, அந்த ஊதாப்பூக் கொடிதான். கடைசியில் உப்பும் எலுமிச்சையும் மிளகாயும் கொடுத்துப் பத்தியம் முறிப்பார்கள்.

கேள்வி: வைத்தியர் ராத்திரி முழுக்கப் பாடுவது எதற்கு? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: பாட்டுதான் வைத்தியமே. கஷாயம், நோய் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்கு. இகாரோ என்னும் அந்தப் பாட்டுக்கு சக்கபா என்ற இலைக்கொத்தை ஆட்டித் தாளம் போடுவார். மப்பாச்சோ புகையிலையின் புகையை நோயாளியின் உச்சந்தலையில் ஊதுவார். பல ஊர்களில் முன்பு வைத்தியர் மட்டுமே குடித்தார். நோயாளி படுத்துக் கேட்டதோடு சரி. வந்தவர் எல்லோருக்கும் கோப்பையை நீட்டுவது சுற்றுலாவோடு பரவியது. பெரு அரசு 2008-இல் தேசியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது, அயவாஸ்கா பற்றிய பழங்குடிகளின் அறிவையும் பயன்பாட்டையும்தான். முகாம் வியாபாரத்தை அல்ல.

கேள்வி: கொடைக்கானலில் தலைகீழாகத் தொங்கும் எக்காளப் பூவையும் கஷாயத்தில் சேர்ப்பார்களாமே? – வாசகி, திண்டுக்கல்

பதில்: சிலர் சேர்ப்பதுண்டு. அது புருக்மான்சியா, அங்கே தோயே என்பார்கள். நம் ஊமத்தைக்கு நெருங்கிய உறவு, விஷமும் அதே ஸ்கோபோலமின் வகை. அயவாஸ்கா சுமார் 4 முதல் 6 மணி நேரத்தில் இறங்கிவிடும். விடிந்த பிறகும் நாக்கு வறண்டு, கண்பாப்பா விரிந்து, கிட்ட உள்ள எழுத்து மங்கி, சிறுநீர் இறங்காமல், இல்லாத ஆளோடு பேசிக்கொண்டிருந்தால் தோயே கலந்திருக்கிறது என்று சந்தேகித்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: சக்ருனா இலைத்தூளை ஊருக்குக் கொண்டுவரலாமா? – வாசகர், சென்னை

பதில்: வேண்டாம். டிஎம்டி இந்தியாவின் 1985 போதைப்பொருள் சட்டப் பட்டியலில் இருக்கிறது.

கேள்வி: 'டிராகன் ரத்தம்' என்று ஆன்லைனில் வாங்கினேன். அசலா? – வாசகி, சேலம்

பதில்: அமேசான் சரக்கு என்றால் அது குரோட்டன் லெக்லெரி மரத்தின் கருஞ்சிவப்புப் பால். புறங்கையில் இரண்டு சொட்டு விட்டு விரலால் தேயுங்கள். சற்று நேரத்தில் நுரைத்து வெளிறிய பசையாக மாறி, காய்ந்ததும் மெல்லிய தோல்போல் படிய வேண்டும். சிவப்பு நீராகவே ஓடினால் தண்ணீரோ சாயமோ கலந்தது. சிறு கீறலுக்கும் பூச்சிக்கடிக்கும் தடவலாம். ஆழமான, மண் பட்ட காயத்தில் தடவினால் மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் கட்டும். துணியில் பட்டால் கறை போகாது.

இந்தப் பாலிலிருந்து எடுத்த குரோஃபெலமர் என்ற மருந்துக்கு 2012 இறுதியில் அமெரிக்கா அனுமதி தந்தது. எச்ஐவி மருந்து எடுப்பவர்களின் வயிற்றுப்போக்குக்கு, 125 மில்லிகிராம் மாத்திரை தினம் இருவேளை. கிருமியால் வந்த போக்கு அல்ல என்று உறுதிசெய்த பிறகே கொடுப்பார்கள். ஆகவே பாட்டில் பாலைக் குடித்து வைத்தியம் பார்க்காதீர்கள். உங்களுக்கு வந்தது கட்டியாகவோ தூளாகவோ இருந்தால் சோகோத்ரா தீவு மரத்தின் பிசினாகவோ பிரம்புக் காயின் பிசினாகவோ இருக்கும், திருப்பி அனுப்பிவிடுங்கள்.