நட்சத்திரம் ஏன் வட்டமாகிறது? கிறிஸ்துமஸ் குக்கீ கேள்வி-பதில்

கே: ஸ்டார் அச்சில் வெட்டி வைத்தால் ஓவனுக்குள் போனதும் வட்டமாகிவிடுகிறது. வீட்டில் கடைந்த வெண்ணெய்தான் போட்டேன். (பென்னாகரம்)

ப: வீட்டு வெண்ணெயில் தண்ணீர் அதிகம். மோர் சொட்டாத அளவுக்குப் பிழிந்து எடுங்கள். சர்க்கரை 100, வெண்ணெய் 200, மைதா 300 கிராம். பேக்கிங் பவுடர் கூடவே கூடாது. மாவு ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம், வெட்டியபின் தட்டோடு இன்னொரு 15 நிமிடம் இருக்கட்டும். பிறகு 180 டிகிரியில் 10, 12 நிமிடம். அளவை டம்ளரில் அல்ல, தராசில் எடுங்கள்.

கே: குக்கீமேல் பூசும் சர்க்கரை ஐசிங் வழிகிறது. என்ன செய்ய? (அரூர்)

ப: குக்கீ சூடாக இருந்ததா, ஐசிங் தண்ணியாக இருந்ததா? அதை எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? குக்கீயின் அடியைத் தொட்டால் வெதுவெதுப்புகூட இருக்கக் கூடாது. ஐசிங்கில் கத்தியால் ஒரு கோடு கிழியுங்கள். 10 எண்ணுவதற்குள் மூடிக்கொண்டால் நடுவை நிரப்பலாம். ஓரம் கட்ட, கோடு அப்படியே நிற்க வேண்டும்.

கே: ஐசிங்கில் முட்டை வெள்ளைக்கரு பச்சையாகச் சேர்க்கலாமா? (கிருஷ்ணகிரி)

ப: குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் சாப்பிடும் வீட்டில் வேண்டாம். சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். மெரிங் பவுடர் (உலர்ந்த வெள்ளைக்கருப் பொடி) வாங்குங்கள். இல்லையென்றால் 100 கிராம் ஐசிங் சுகரில் 2 டீஸ்பூன் பால் விட்டு, பிறகு தேவைக்குச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கே: கடையில் பொட்டலமாக விற்கும் ரோஸ் கலர் பொடி போட்டேன். பிள்ளைகளின் நாக்கு மறுநாளும் சிவப்பாகவே இருந்தது. பரவாயில்லையா? (பாலக்கோடு)

ப: பரவாயில்லை என்று எழுத என் கை வராது. மிச்சம் இருப்பதை இன்றே குப்பையில் போடுங்கள். 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டதே, எதற்காக? அதில் ரோடமின் பி இருந்தது. துணிக்கு ஏற்றும் சாயம் அது. கோலப்பொடி மூட்டைக்குப் பக்கத்திலேயே பெயரில்லாத கேசரி கலரும் இருப்பதைச் சந்தைகளில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! எடுத்துப் போடும் கரண்டியும் ஒன்றுதான். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. நம் நாட்டில் உணவுக்கு அனுமதித்த செயற்கை நிறங்கள் மொத்தமே 8. சிவப்புக்கு கார்மோசின், மஞ்சளுக்கு டார்ட்ரசின் என்று நிறத்தின் பெயர் பாக்கெட்டில் இருக்க வேண்டும். 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். இல்லாததை வாங்காதீர்கள். அனுமதித்த நிறமும் பொதுவாக ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம்தான். ஜெல் கலரை ஊசிமுனையால் தொட்டுப் போட்டாலே போதும். பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து சுண்டவைத்த சாறு சில சொட்டு விடுங்கள், நல்ல ரோஸ் வரும். ஐசிங்கை அடுப்பில் வைப்பதில்லை என்பதால் நிறம் வெளுக்காது. மஞ்சளுக்கு மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை. நிறத்தையும் தராசில் அளந்து போடுங்கள் என்று சொல்லவில்லை. பெயர் தெரிந்து போடுங்கள் என்கிறேன்.

கே: மைதாவே இல்லாமல் கேழ்வரகு மாவில்? (ஓசூர்)

ப: மூன்றில் ஒரு பங்கு போடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். களிக்கு அது ராஜா. ஆனால் மாவைப் பிடித்து நிறுத்தும் குளூட்டன் இல்லாததால் ஸ்டாரின் முனை வெட்டும்போதே உடையும். அந்தப் பழுப்பின்மேல் வெள்ளை ஐசிங் அவ்வளவு அழகாக இருக்கும்.

கே: குக்கரில் சுடலாமா? (ஊத்தங்கரை)

ப: சுடலாம். கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு மட்டும்.

கே: அத்தைக்கு எழுபது வயது. ஐசிங் பிழியும் பைப்பிங் பையைத் தொடவே பயப்படுகிறார். பிள்ளைகளோ எல்லாவற்றையும் அப்பிவிடுகிறார்கள். (எலத்தகிரி)

ப: பட்டர் பேப்பரை மருதாணி கோன் போலச் சுருட்டி அத்தை கையில் கொடுங்கள். ஐம்பது வருஷம் வாசலில் இழை இழுத்த கைக்கு ஓரம் கட்டுவது பெரிய வேலை இல்லை. நிரப்புவதும் தூவுவதும் பிள்ளைகளுடைய பங்கு. மறுபடியும் சொல்கிறேன், குக்கீ ஆறிய பிறகுதான் ஐசிங். காய எட்டு மணி நேரமாவது ஆகும், ஃபிரிட்ஜில் வைத்தால் வியர்க்கும். அதனால் 23ஆம் தேதி மாலையே எல்லோரும் உட்காருங்கள். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து பூசினால், காலையில் ஸ்டார் எல்லாம் டப்பா மூடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்.