பழைய கோகு, புதிய கோகு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 'டிராகன் பால் ஸீ' என்ற ஜப்பானிய அனிமே தொடரின் நாயகன் கோகுவை, முடி பொன்னிறமாக மாறும் அவனது சூப்பர் சயான் வடிவில், பாண்டாய் நிறுவனம் 2010-இல் எஸ்.எச்.ஃபிகுவார்ட்ஸ் என்ற பொம்மை வரிசையில் ஆக்‌ஷன் ஃபிகராக, அதாவது கைகால் மூட்டுகளை அசைக்கக்கூடிய பொம்மையாக, வெளியிட்டது. சிங்கப்பூரில் வேலை பார்த்த என் அண்ணன் வாங்கி வந்த அந்த ஃபிகர் இன்றும் என்னிடம் இருக்கிறது. அதே கோகு 2020-களில் புதிய உடலமைப்போடு வந்திருப்பதைப் பார்த்ததும், பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கலாமா என்று தோன்றுகிறது. கொடுக்கும் விலைக்கு ஏற்ற மாற்றம் உண்டா?
— வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: மாற்றம் உண்டு. ஆனால் பலர் அதை முகத்தில் தேடுகிறார்கள். நீங்கள் முதலில் தோளையும் அடுத்து இடுப்பையும் பாருங்கள்.

உள்ளங்கைகளிலிருந்து ஆற்றலைப் பாய்ச்சும் கோகுவின் காமெஹாமெஹா தாக்குதலுக்கான நிலையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு உள்ளங்கைகளும் இடுப்பின் ஒரு பக்கத்தில் ஒன்று சேர வேண்டும். அதற்கு ஒரு கை மார்பைக் குறுக்கே கடந்தாக வேண்டும். நாம் அப்படிச் செய்யும்போது கை மட்டும் போவதில்லை, தோள்பட்டையே முன்னோக்கி வந்து உள்ளே மடங்குகிறது. பழைய அமைப்பில் கை உடலின் ஓரத்தில் ஒரே இடத்தில் பொருத்தப்பட்டு, அந்த இடத்தைச் சுற்றியே திரும்புவதால், முழங்கை மார்பைத் தாண்டுவதற்குள் மூட்டு தடுத்துவிடுகிறது. வலிந்து தள்ளினால் தோளுக்கும் மார்புக்கும் நடுவே இடைவெளி விழுந்து உள்ளிருக்கும் மூட்டு வெளியே தெரிகிறது. புதிய அமைப்பில் மார்புக்குள் இன்னொரு மூட்டு இருக்கிறது. வண்ணத்துப்பூச்சியின் சிறகைப் போலத் தோள் முன்னும் பின்னும் மடங்குவதால் சேகரிப்பாளர்கள் அதைப் பட்டர்ஃபிளை மூட்டு என்கிறார்கள். அதன் மேல் பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் ஆன மென்மையான உடை படிந்து நிற்பதால் கை எங்கே போனாலும் ஆரஞ்சு நிற உடை தொடர்ச்சியாகவே தெரிகிறது. இடுப்பிலும் இதே சிந்தனைதான்: தொடை மூட்டைச் சற்றுக் கீழே இழுத்துக்கொள்ள முடிகிற அமைப்பில், காலை உயர்த்தும்போது உடையின் மடிப்பு குறுக்கே வந்து தடுப்பதில்லை.

முகத்தைப் பற்றிச் சொல்வதானால், புதியதே அசலுக்கு நெருக்கமானது என்று ஒரே வரியில் முடித்துவிடுவது அந்தத் தொடருக்குச் செய்யும் அநியாயம் என்பது என் கருத்து. 1989 முதல் 1996 வரை 291 அத்தியாயங்கள் வந்த தொடர் அது; ஒவ்வொரு அத்தியாயத்தின் ஓவிய மேற்பார்வையாளரும் கோகுவைத் தம் கைப்பழக்கத்தின்படிதான் வரைந்தார்கள். 95-ஆவது அத்தியாயத்தில் ஃபிரீஸா என்ற வில்லனுக்கு எதிரே முதன்முறையாகப் பொன்னிற முடியோடு நிற்கும் கோகுவும், பின்னால் செல் என்ற வில்லனை எதிர்கொள்ளும் கோகுவும் தாடையிலும் கண்ணின் கோணத்திலும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஆகவே எந்தக் கட்டத்துக் கோகுவை மனத்தில் வைத்து அந்த ஃபிகரை வடித்தார்கள் என்று கேட்ட பிறகே பழையதையும் புதியதையும் ஒப்பிட வேண்டும். 2010-ஆம் ஆண்டுப் பதிப்பின் மெலிந்த உடலும் நீண்ட கால்களும் தொடரின் எந்தக் கட்டத்துக்கும் முழுமையாகப் பொருந்தவில்லை என்பதை மட்டும் நான் தயங்காமல் ஒப்புக்கொள்வேன்.

நீங்கள் அடிக்கடி ஃபிகரை எடுத்து நிலையை மாற்றி வைத்துப் படம் பிடிப்பவராக இருந்தால் புதியதை வாங்குங்கள். தோள் மூட்டு ஒன்றுக்காகவே அந்தச் செலவு தகும். அலமாரியில் நேராக நிற்கவைத்துப் பார்த்து மகிழ்பவரானால் அந்த மூட்டின் பயனை நீங்கள் ஒருநாளும் அனுபவிக்கப் போவதில்லை. இரண்டில் எதுவானாலும் பழையதை விற்காதீர்கள். புதிய பதிப்பு வந்த பிறகு பழையதற்குப் பெரிய விலை கிடைப்பது அரிது. அண்ணன் கொடுத்ததை அற்ப விலைக்குக் கொடுத்துவிட்டு வருந்த வேண்டாம்.

கேள்வி: என்னிடம் இருக்கும் பழைய ஃபிகர் தொட்டால் பிசுபிசுக்கிறது, புதியது அப்படியில்லை. அக்காலத்தில் மட்டமான பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தினார்களா?
— வாசகர், காசிமேடு

பதில்: இல்லை. அன்றும் இன்றும் இந்த வகை ஃபிகர்களுக்கு முக்கியமாகப் பிவிசியும் ஏபிஎஸ் என்ற கடினமான பிளாஸ்டிக்கும்தான். பிவிசியை வளையும்படி மென்மையாக்கக் கலக்கும் வேதிப்பொருள் காலப்போக்கில் மேற்பரப்புக்குக் கசிந்து வருகிறது. வெப்பமும் காற்றோட்டமில்லாத பெட்டியும் அதை விரைவுபடுத்தும். சென்னை வெயிலில் மூடிய பெட்டிக்குள் ஆண்டுக்கணக்கில் வைத்தால் உங்கள் புதிய ஃபிகரும் ஒருநாள் இப்படியே ஆகலாம். வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பைக் கரைத்து, மிருதுவான பிரஷால் கழுவி நிழலில் உலர்த்துங்கள். தின்னரையும் நகப்பூச்சு நீக்கியையும் அருகிலேயே கொண்டுவராதீர்கள். அசிட்டோன் ஏபிஎஸ்ஸைக் கரைத்துவிடும். பந்து மூட்டு தளர்ந்திருந்தால் வெள்ளைப் பசையை மெல்லிய படலமாகப் பூசி, முழுவதும் உலர்ந்த பிறகு பொருத்தினால் பிடிப்பு திரும்பும். மூட்டு இறுகியிருந்தால் திருகாமல், ஹேர் டிரையரால் சற்றுச் சூடாக்கிய பிறகு அசையுங்கள்.

கடற்கரைக்கு அருகில் வசிப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2003-இல் தொடங்கிய செயின்ட் க்ளாத் மித் என்ற பாண்டாயின் இன்னொரு ஃபிகர் வரிசையிலும், 2011 முதல் வரும் அதன் ஈஎக்ஸ் பதிப்பிலும் கவசங்களில் உலோக வார்ப்பு உண்டு. அத்தகையவற்றை உப்புக்காற்று நேரே படும் சன்னலோரத்தில் வைக்காதீர்கள்.

கேள்வி: பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் 'புதிய பதிப்பு' என்று அறுநூறு ரூபாய்க்குக் கோகு கிடைக்கிறது. வாங்கலாமா?
— வாசகர், ராயபுரம்

பதில்: அந்த விலைக்கு அசல் கிடைக்க வழியில்லை. பொம்மைகள் மீதான இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. அசல் ஃபிகருக்கு ஜப்பானிலேயே பல ஆயிரம் யென் ஆகும். போலியின் தோல் எண்ணெய் தடவியதுபோல மின்னும், முடி நெற்றியைத் தொடும் இடத்தில் மஞ்சள் வண்ணம் வழிந்திருக்கும், பெட்டியைத் திறந்ததும் ரசாயன நெடி வரும். பெட்டியையும் அதன் மேலுள்ள வில்லையையும் போலி செய்வது எளிது என்பதால், கடைக்காரரின் அனுமதியோடு ஃபிகரை வெளியே எடுத்து, தோளை முன்னோக்கி மெல்லத் தள்ளிப் பாருங்கள். அது உள்ளே மடங்காமல் நின்றுவிட்டால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.