மனசுக்கு எதுக்கு டாலர் கணக்கு?

கேள்வி: டிப்ரஷன், தனிமை இதுக்கெல்லாம் பொருளாதார நிபுணருங்க டாலர்ல கணக்கு போட்டு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுறாங்களே, மனுஷன் அழுகைக்கு விலைச்சீட்டு ஒட்டுறது உங்களுக்குக் கேவலமா தெரியலையா?

பதில்: கணக்கே போடாம விட்டா பட்ஜெட் போடுறவன் அந்தக் கட்டத்துல பூஜ்யம்னு எழுதிட்டுப் போயிடுவான், அது மட்டும் கௌரவமா? உலக நாடுகளை வரிசையா நிக்க வச்சா நடுவுல நிக்கிற நாடு சுகாதார பட்ஜெட்ல மனநலத்துக்கு ஒதுக்குறது 2 சதவீதம் பக்கம்தான்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. விலை பேசக்கூடாத விஷயம்னு தள்ளி வச்ச லட்சணம் இது.

2006ல லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்ல பொருளாதார நிபுணர் ரிச்சர்ட் லேயார்டும் அவரோட ஆளுங்களும் என்ன பண்ணாங்கன்னு பாருங்க, டிப்ரஷன்ல இருக்கவங்களுக்கு தெரபி குடுக்க ஆளுக்கு 750 பவுண்டு ஆகும், அவங்க வேலைக்குத் திரும்புனா அரசாங்கம் குடுக்குற உதவித்தொகை மிச்சம், வரியும் உள்ள வரும், போட்ட காசு தானா திரும்பிடும்னு எழுதிக் குடுத்தாங்க. 2008ல இங்கிலாந்துல இலவச தெரபி திட்டம் ஆரம்பிச்சுட்டாங்க. வெறும் அழுகையைப் பத்தி மட்டும் பேசியிருந்தா நிதியமைச்சர் கர்ச்சீப் குடுத்து அனுப்பியிருப்பாரு.

ஆனா உங்க கோவத்துல பாதி நியாயம் இருக்கு, அது நீங்க கேட்ட இடத்துல இல்ல. 2016ல 36 நாடுகளை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, டிப்ரஷனுக்கும் பதற்ற நோய்க்கும் சிகிச்சை குடுக்க 1 டாலர் போட்டா 4 டாலர் திரும்ப வரும்னு எல்லா மேடையிலயும் சொல்றாங்களே, அதேதான். உள்ள போய்ப் பாத்தா வேலை, உற்பத்தி மட்டும் கணக்குல எடுத்தா 2.3லேர்ந்து 3 வரைக்கும்தான் வருது, மனுஷன் நல்லா இருக்கான்ங்கறதுக்கே ஒரு மதிப்பு போட்டுச் சேத்தாதான் 3.3லேர்ந்து 5.7னு ஏறுது. அப்போ சம்பளம் வாங்காத பாட்டி, வீட்டுல படுத்திருக்க புருஷனைப் பாத்துக்குற பொண்டாட்டி, இவங்கெல்லாம் முதல் கணக்குல ஆளே இல்ல (சமைக்கிறதுக்கு மட்டும் ஆள்!). சண்டை போடணும்னா இங்க போடுங்க.

இன்னொண்ணு. எந்த சிகிச்சைக்குக் காசு குடுக்கலாம்னு முடிவு பண்ண ரொம்ப நாளா பயன்படுத்துற ஈக்யூ-5டின்னு ஒரு ஃபார்ம் இருக்கு, அஞ்சே கேள்வி. நடக்க முடியுதா, குளிச்சு டிரஸ் போட முடியுதா, வழக்கமான வேலை பாக்க முடியுதா, வலி இருக்கா, கடைசியா பதட்டமோ சோர்வோ இருக்கா. பேச்சுத்துணைக்கு யாராவது இருக்காங்களான்னு ஒரு வார்த்தை கிடையாது. இந்த ஓட்டையைப் பாத்துட்டுதான் ஒரு மனுஷனால எப்படி வாழ முடியுதுன்னுதான் பாக்கணும்னு பொருளாதார நிபுணர் அமர்த்தியா சென் சொன்ன யோசனையை வச்சு பிரிட்டன்ல ஐஸ்கேப்-ஏன்னு வேற ஒரு ஃபார்ம் செஞ்சாங்க, அதுல அன்பு, நட்பு, ஆதரவு கிடைக்குதான்னு நேராவே ஒரு கேள்வி இருக்கு, பாதுகாப்பா நிம்மதியா உணருறீங்களான்னும் கேக்குறாங்க. இதைச் செஞ்சதும் நீங்க திட்டுற அதே பொருளாதாரக்காரங்கதான் சார். ஒரு தடவை அதை நிரப்பிப் பாத்துட்டு அடுத்த லெட்டர் எழுதுங்க.