நவீன ஓவியங்களை முதன்முறை நேரில் பார்த்தபோது

புகழ்பெற்ற நவீன ஓவியங்களைக் கைபேசியிலேயே பெரிதாக்கிப் பார்க்க முடிகிறபோது, நேரில் போவதால் கூடுதலாக என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கிடைத்தது துணி. திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் சாயத்தையும் பிரிண்டிங்கையும் கவனிக்கும் பணியில் இருப்பவன் சொல்வது என்பதால், இதைச் சற்றுத் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளலாம்.

தொழில் நிமித்தம் நியூயார்க் சென்றிருந்தபோது அங்குள்ள நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போனேன். வான்கோ 1889இல் வரைந்த ‘நட்சத்திர இரவு’ ஓவியத்தின் முன் கைபேசியை உயர்த்திய கூட்டம் விலகுவதாக இல்லை, விரைவில் நகர்ந்துவிட்டேன். சால்வதோர் தாலியின் உருகும் கடிகாரங்கள் உள்ள ஓவியமோ 24 செ.மீ. உயரமும் 33 செ.மீ. அகலமும்தான், ஏ4 தாளைவிடச் சற்றே பெரியது.

நான் நெடுநேரம் நின்றது ஜாக்சன் பொல்லாக்கின் ‘ஒன்று: எண் 31, 1950’ முன்பாக. ஏறத்தாழ 2.7 மீட்டர் உயரமும் 5.3 மீட்டர் அகலமும் கொண்ட கான்வாஸைத் தரையில் விரித்து, வண்ணத்தை மேலிருந்து ஊற்றியும் சொட்டவிட்டும் அவர் செய்த ஓவியம் அது. ஓவியர்கள் வழக்கமாக வண்ணம் துணிக்குள் இறங்காதபடி முதலில் அடிப்பூச்சுக் கொடுப்பார்கள். இதில் அது இல்லை. பல்லடம், சோமனூர் விசைத்தறிகளிலிருந்து வரும் காடாத் துணியைத் தொட்டுப் பழகியவனுக்கு, அந்த வெற்றுத் துணியின் பழுப்பும் இழையோட்டமும் உடனே கண்ணில் பட்டன. நீர்த்து விழுந்த கறுப்பு துணியில் ஊறி மங்கியிருக்கிறது. கெட்டியாக விழுந்த எனாமல் அதன்மேல் மினுங்கியபடி நிற்கிறது. (எங்கள் தரக்கட்டுப்பாட்டில் இது நிச்சயம் ரிஜெக்ட்.) புகைப்படத்தில் இந்த இரண்டு கறுப்பும் ஒன்றாகிவிடுவதால், அடுக்கடுக்கான ஓவியம் வெறும் சிக்கலாகத் தட்டையாகிவிடுகிறது.

மோந்திரியானின் ‘பிராட்வே பூகி வூகி’ இதற்கு நேர்மாறாக இருக்கும் என்று எண்ணிப் போனேன். அச்சில் அளவுகோல் வைத்துப் போட்டதுபோலத் தெரியும் அதன் மஞ்சள் பட்டைகளில், அருகில் சென்றால் தூரிகைத் தடங்கள் தெரிகின்றன. உண்மையான தட்டைத்தன்மை எங்கள் ஸ்கிரீன் பிரிண்டிங்கில்தான் இருக்கிறது. கையால் பூசியதில் இல்லை.

விளக்கு மாறினால் ஷேடும் மாறித் தெரியும் என்பதால்தான், சாயமேற்றிய துணியை நாங்கள் டி65 (பகல் வெளிச்சம்), டிஎல்84 (கடை விளக்கு) என வெவ்வேறு விளக்குகளின்கீழ் லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தபின்பே ஒப்புதல் தருகிறோம். புத்தகப் படமோ ஏதோ ஒரு வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் எடுக்கப்பட்டு, நான்கு மைகளில் அச்சேறியது. பளபளப்புக்கும் தடிமனுக்கும் அதில் இடமே இல்லை.

இதற்காக வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. கோவை அவிநாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடமும் ஜவுளி அருங்காட்சியகமும் சேர்ந்தே இருக்கின்றன. அங்கு எந்த ஓவியத்தையும் முதலில் நேரெதிரே நின்று பாருங்கள்; பிறகு பக்கவாட்டில் நகர்ந்து, வெளிச்சம் அதன் பரப்பில் சாய்வாக விழும் கோணத்திலிருந்து பாருங்கள். பூச்சு எங்கே தடித்திருக்கிறது, துணி எங்கே வெளித்தெரிகிறது என்பது அங்கிருந்துதான் நன்றாகப் புலப்படும்.