வங்கியில் 21 கேரட் என்கிறார்கள், கடை மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: சென்ற ஆவணியில் காரைக்குடியில் 5 பவுன் சங்கிலி எடுத்தேன். 22கே916 (22 கேரட், ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம்) முத்திரை இருக்கிறது. அடகு வைக்கப் போனபோது வங்கி மதிப்பீட்டாளர் உரைத்துப் பார்த்து 21 கேரட்தான் என்றார். கடைக்காரர், "கொண்டு வாங்க, மாற்றித் தருகிறேன்" என்கிறார். அப்பத்தாவின் கழுத்திரு நகையில் முத்திரையே இல்லை. அதற்கும் சிக்கல் வருமா?
வாசகி, தேவகோட்டை

பதில்: சங்கிலியைக் கடையில் கொடுக்காதீர்கள். உருக்கிவிட்டால் உங்கள் சாட்சியமும் அதோடு போய்விடும். பற்றவைக்கவோ மெருகு போடவோ பத்தரிடமும் தர வேண்டாம்.

உரைகல் மேற்பரப்பைத்தான் காட்டும். கொக்கிப் பக்கம் உரைத்திருந்தால் பற்றவைக்கும் பொடி, மாற்றை (தங்கத்தின் தூய்மையை) குறைத்துக் காட்டியிருக்கலாம். அதனால் மதிப்பீட்டாளர் சொன்னது சந்தேகத்துக்குப் போதும், வழக்குக்குப் போதாது.

முதலில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முக்கோணம், 22கே916, எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க எச்யுஐடி (அந்த நகைக்கான தனி அடையாள எண்), இந்த மூன்றும் இருக்க வேண்டும். 'கேடிஎம்' என்றிருந்தால் அது பற்றவைப்பு முறையின் பெயர், மாற்றுக்கு அத்தாட்சி அல்ல. 'பிஐஎஸ் கேர்' செயலியில் எச்யுஐடியைப் போடுங்கள். கையில் சங்கிலி இருக்க, திரையில் 'மோதிரம்' என்று வந்தால் முத்திரையே போலி. அது தனிக் குற்றம்.

எண் சரியாக இருந்தால், பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் சோதியுங்கள். 4 உருப்படி வரை கட்டணம் 200 ரூபாய். மாதிரி வெட்டுவதற்கு முன் எடையை எழுதி வாங்குங்கள்.

அறிக்கை 875 (21 கேரட்) என்று வந்தால், ஆயிரத்துக்கு 41 பங்கு குறைவு. 40 கிராமுக்கு 1.64 கிராம் தங்கம். 2018 பிஐஎஸ் விதி 49-இன்படி அந்தக் குறைவின் மதிப்பில் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் கடைக்காரர் தர வேண்டும். வெறும் மாற்றிக் கொடுப்பதோடு ஏன் நிற்க வேண்டும்?

15 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள், செயலியிலும் புகார் பதியுங்கள். மசியாவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. மனுப் போடக் கெடு 2 ஆண்டு. எடை, மாற்று, செய்கூலி எழுதிய பில் அவசியம். எஸ்டிமேட் துண்டுச்சீட்டு மட்டும்தான் என்றால், பணம் செலுத்திய வங்கிக் கணக்கு விவரத்தையும் சேருங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் சற்றுக் கஷ்டம்தான்.

கழுத்திருவுக்கு ஒன்றும் இல்லை. முத்திரைக் கடமை விற்கும் கடைக்காரருக்குத்தான். வீட்டு நகையை முத்திரையின்றியே வைத்திருக்கலாம், கடையில் விற்கலாம்.